ஆஜர்ப் பட்டியலுக்கு அகப்படாத வலி

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கர்நாடக மந்திரி சபை, தொழில் புரியும் ஸ்திரீகளுக்கு மாதவிடாயின் பொருட்டு மாதம் ஒரு நாளாக ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் ஓய்வளிப்பதென்று தீர்மானித்தது. சர்க்கார் உத்தியோகத்தில் உள்ளோர் மட்டுமன்றித் தனியார் தொழிற்சாலைகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்வோரும் இத்தீர்மானத்தில் அடங்குவர். கொடுக்க வேண்டியதே என்பர் ஒரு சாரார். கொடுத்தால் முதலாளிகள் பெண்களை வேலைக்கே அழைக்கமாட்டார்கள் என்பர் மற்றொரு சாரார். இயற்கையாக வருவதற்கு லீவு எதற்கு என்பர் மூன்றாம் சாரார். மூவரும் உரக்கவே பேசுகின்றனர். ஆயினும் அவ்வலி எவ்வளவு, எத்தனை பேருக்கு, அதனால் எந்த வேலை எவ்வளவு கெடுகிறது என்ற கேள்வி இந்த விவாதத்தில் எழக் காணோம். சரக்கை நிறுத்துப் பாராமல் விலை பேசுவது சந்தையிலும் நடவாத காரியம். சட்டசபையில் மட்டும் அது நடக்கிறது.

இவ்விஷயத்தைப் பத்திரிகையின் இப்பக்கத்தில், அதுவும் ஆடவன் ஒருவன், எழுதலாமா என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள் சிலர் இருத்தல் கூடும். அவர்களை நாம் கேட்பது இது: நம்மில் எவர் வீட்டில் இவ்விஷயம் தெரியாமலிருந்தது? 'தூரம்' என்றும் 'விலக்கு' என்றும் பெயரிட்டு, கொல்லைப்புறத்து அறையில் தனிப்பாயும் தனித்தட்டும் வைத்து, மூன்று நாள் கழிந்து தலை முழுகும் வேளை வரையில் பிசகாமல் எண்ணி வந்தவர்கள் அல்லவா நாம்? மதுரைச் சீமையின் சில கிராமங்களில் இதற்கென ஊர்ப்புறத்தே முட்டுவீடு கட்டி வைத்ததும் உண்டு. தீட்டை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்ட சமூகம், அதே நாட்களின் வலியை ஒரு தடவையேனும் கணக்கிட்டதில்லை. பாட்டிமார் சுக்குக் கஷாயமும் வெந்தயமும் கொடுத்தனர். ஆடவர்களோ, ஒன்றும் கேளாதிருத்தலே மரியாதை என்று இருந்துவிட்டனர். அந்த மரியாதையினால் யாருக்கு லாபம் என்று ஆராய்ந்தால், கேளாதவர்களுக்கே என்று ஏற்படும்.

அளப்பதென்றால் சட்டத்துக்குக் கூச்சம் இருந்ததில்லை. 1923-இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் வழங்கிவந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, தொழில் வழக்கு நடத்திய வக்கீல்களுக்கு மனப்பாடம். அதன் பிற்காலத் திருத்தங்களின்படி, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என்று பொருள். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. ஒரு கண் போய் மற்றது நன்றாயிருந்தால் 40. இவ்வெண்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. தச்சனுக்குக் கட்டைவிரல் இருக்கும் மதிப்பு வேறு, பாடகனுக்கு இருக்கும் மதிப்பு வேறு. அட்டவணை எழுதினவர்களுக்கு இது தெரியாததன்று. அளவே இல்லாத நியாயத்தைவிடக் குறையுள்ள அளவொன்று தொழிலாளிக்கு உதவும் என்று கருதியே அவர்கள் எழுதினார்கள். அந்தக் கருத்து சரியானதென்று அனுபவத்தில் கண்டோம். விரலிழந்தவன் முதலாளியிடம் தயை கேட்க வேண்டியதில்லை. சட்டத்தில் கண்ட எண்ணைக் கேட்டால் போதும்.

மாதந்தோறும் வந்து போகும் இவ்வலி விபத்து அன்று, ஆகையால் அந்த அட்டவணையில் இல்லை. நோய்க்கு வேறு சட்டம் உண்டே எனலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் ராஜ்ய இன்ஷூரன்ஸ் சட்டத்தின்கீழ் எழுந்த விதியைப் பாருங்கள். நோயுற்ற முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை இல்லை. முந்திய நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மறுபடி நோயுற்றால் மட்டுமே இந்த இரண்டு நாள் தள்ளுபடி செய்யப்படும். இப்போது கணக்குப் போடுங்கள். மாதவிடாய் வலி பெரும்பாலும் ஓரிரு நாட்களே கடுமையாக இருப்பது. சுமார் 28 நாட்களுக்கொருமுறை வருவது. முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடுகிறது, 15 நாள் எல்லைக்குள் திரும்புவதுமில்லை. யாரும் வேண்டுமென்று இப்படி எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்த வலியை ஒதுக்கி வைக்கவென்றே ஒரு விதி செய்யச் சொன்னால்கூட இதைவிடச் சாமர்த்தியமாகச் செய்திருக்க முடியாது. ஸ்திரீகளின் சரீரத்தைக் கண்முன் வையாமல் நோய்க்கு இலக்கணம் எழுதியதன் பயன் இது.

வலி கற்பனையா என்ற சந்தேகத்தை வைத்திய சாஸ்திரம் வெகுகாலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டது. கருப்பையின் உட்சுவர் கழலும்போது அதிலிருந்து புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் வெளிப்படுகிறது. அது மிகும்போது கருப்பையின் தசை இறுகிச் சுருங்குகிறது, அச்சுருக்கத்தினால் அத்தசைக்கே இரத்த ஓட்டம் குறைகிறது, வலி பிறக்கிறது. வாந்தியும் வயிற்றுப் போக்கும் தலைவலியும் கூட வருவது இதே பொருளினால்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று ஜான் வேன் என்பவர் 1971-இல் காட்டினார். அவ்வாராய்ச்சிக்காக 1982-இல் நோபல் பரிசின் பங்கும் பெற்றார். எனவே பாட்டிமார் 'சூதக வலி' என்று சொன்னது சோம்பலுக்கு இட்ட பெயர் அன்று.

ஆயினும் அதை அளப்பது எப்படி? ஜுரத்துக்குப் பாதரசக் குழல் உண்டு. வலிக்கு அத்தகைய கருவி கிடையாது. வைத்தியர்கள் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு வரைந்து, ஒரு முனை வலியின்மை, மறுமுனை பொறுக்கவொண்ணாத வலி என்று வைத்து, நோயாளியையே குறியிடச் சொல்வதுண்டு. எளிய முறைதான். ஆனால் ஒருத்தியின் ஆறும் மற்றொருத்தியின் ஆறும் ஒன்றா என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டால் பதில் சொல்லக் கடினம். அதிலும், பொறுத்துக்கொள்ளவே பிறந்தவள் என்று வளர்க்கப்பட்ட நம் பெண்கள் எட்டை நான்கென்றே குறிப்பார்கள்.

இச்சங்கடத்திலிருந்து வெளிவரும் வழியைச் சுவீடனில் ஆண்டெர்ஷ், மில்ஸம் என்னும் இரு வைத்தியர்கள் நன்கு கண்டனர். வலி எவ்வளவு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வேலை செய்ய முடிகிறதா? உடம்பின் மற்றப் பாகங்களில் உபத்திரவம் உண்டா? மருந்து கேட்கிறதா? என்று வினவி, சைபர் முதல் மூன்று வரை படிகள் வகுத்தனர். கோதன்பர்க் நகரத்தில் 19 வயதுப் பெண்களை விசாரித்து அவர்கள் 1982-இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 72 பேருக்கு வலி இருந்தது. ஒரு தடவையேனும் பள்ளிக்கோ வேலைக்கோ போகாதிருந்தவர் நூற்றுக்கு 51 பேர். ஒவ்வொரு மாதமும் போகமுடியாதவர் ஏறக்குறைய எட்டுப் பேர். வலியைத் தனியாக நிறுக்காமல், அது வாழ்க்கையில் எதைத் தடுத்தது என்று கேட்டதே இம்முறையின் சிறப்பு. சாட்சி விசாரணையிலும் நாம் இதைத்தான் செய்கிறோம். 'உனக்கு எவ்வளவு பயம்' என்று கேட்பதில்லை. 'அதன்பின் நீ என்ன செய்தாய்' என்றே கேட்கிறோம்.

இதைவிட முக்கியமான உண்மை ஹாலந்திலிருந்து வந்தது. அங்கே 15 முதல் 45 வயது வரையுள்ள 32,748 ஸ்திரீகள் விடையளித்த ஒரு விசாரணை 2019-இல் வெளியாயிற்று. இணையத்தின் மூலம் தாமாக முன்வந்து விடையளித்தவர்களாதலால், வலி மிகுந்தவர்களே மிகுதியாக விடையளித்திருக்கலாம் என்ற ஆட்சேபத்தை நாமே முன்கூட்டி ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அதில் கண்ட இரண்டு எண்களுக்குள்ள தாரதம்மியம் அந்த ஆட்சேபத்தினால் மறைந்துவிடாது. மாதவிடாயின் காரணமாக வேலைக்கோ வகுப்புக்கோ வராமற்போன நாள், சராசரி ஆளுக்கு ஆண்டுக்கு 1.3. வந்திருந்தும் வலியினால் வேலை குறைந்துபோனதைக் கூட்டி நாட்களாக மாற்றினால், ஆண்டுக்கு 8.9. வராமையினால் நேர்ந்த நஷ்டத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு, வந்து உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததனால் நேர்ந்தது. இன்னொன்றும் காணுங்கள்: அக்காரணத்தால் வேலைக்கு வராதவர்களில், உண்மைக் காரணத்தை மேலதிகாரியிடம் சொன்னவர் ஐந்தில் ஒருவரே. இது பெண்கள் பேசக் கூசாத தேசம் என்று நாம் எண்ணும் ஹாலந்தின் கதி!

இதிலிருந்து விளங்குவது யாது? ஆஜர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த வலியை அளக்க முடியாது. பட்டியல் அறிந்தது இரண்டே குறிகள், வந்தாள் அல்லது வரவில்லை. வலி வாழ்வது இவ்விரண்டுக்கும் நடுவே. அன்றியும், பட்டியல் எல்லோரையும் ஒரேவிதமாக ஏமாற்றுவதில்லை. லீவு எடுக்க வசதியுள்ள உத்தியோகஸ்தர் எடுக்கிறார். அவர் வலி ஓரளவு பதிவாகிறது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டுப் பெண் எடுப்பதில்லை. அவள் பட்டியலில் ஆரோக்கியவதியாகத் தோன்றுகிறாள். ஏழை எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு அவள் வலி மறைகிறது.

இதை நாம் புஸ்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் மேற்றிசை ஜில்லா ஒன்றில், நூற்பாலைத் தொழிலாளிப் பெண் ஒருத்திக்காகத் தொழில் கோர்ட்டில் ஆஜரானோம். கோன் சுற்றும் பிரிவில் வேலை. வேண்டுமென்றே வேலையை மந்தப்படுத்தினாள் என்பது குற்றச்சாட்டு. ஆலையின் நிலையாணைப்படி அது வேலைநீக்கத்துக்குரிய குற்றம். நிர்வாகத்தார் இரண்டு தஸ்தாவேஜுகள் தாக்கல் செய்தனர். ஒன்று ஆஜர்ப் பட்டியல்: பதினொரு மாதத்தில் அவள் வராத நாள் இரண்டே. ஆகவே உடல் நலம் இல்லை என்று சொல்ல வழியில்லை என்றனர். மற்றொன்று, ஷிப்டுக்கு ஷிப்டு ஒவ்வொருத்தியும் சுற்றிய நூலின் எடை. அதில் அவள் பெயருக்கு நேரே சில நாட்களில் எடை பாதியாகக் குறைந்திருந்தது. அந்நாட்களைச் சிவப்பு மையினால் வட்டமிட்டிருந்தார்கள்.

ஏன் குறைந்தது என்று நாம் கேட்டபோது அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். உடன் வந்த அவள் அத்தைதான் கோர்ட்டு வராந்தாவில் மெல்ல, "அதையெல்லாம் சபையிலே சொல்ல முடியுங்களா, சாமி?" என்றார். நாமும் மேலே கேட்கவில்லை. உள்விசாரணைக்கு முறையான நோட்டீஸ் கொடுக்கப்படவில்லை என்ற சட்ட நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினோம். கடைசியில் ஒரு தொகைக்கு ராஜியாயிற்று. வேலைக்கு அவள் திரும்பவில்லை. அன்றிரவு ரயிலில் கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் கண்ணில் பட்டது. சிவப்பு வட்டங்கள் இரண்டிரண்டாக நின்றன. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே 27 நாள், 28 நாள், மறுபடியும் 27. அவளுடைய வலியை ஆலைக்காரரே தம் கையால், தம் மையால், மாதந்தவறாமல் அளந்து வைத்திருந்தார்கள். படிக்கத் தெரிந்தவர் எவரும் அந்தக் கோர்ட்டில் இல்லை. சட்டப் பட்டம் பெற்ற நாமும் அதில் சேர்ந்தவரே. அவ்வழக்கில் ஒருவிதத்தில் வெற்றியே என்று நண்பர்கள் சொன்னார்கள். நமக்கு இன்றளவும் அப்படித் தோன்றவில்லை.

அவள் வேறொன்றும் சொல்லியிருந்தாள். வயிறு வலிக்கிறதென்றால் மேஸ்திரியம்மாள் ஒரு மாத்திரை கொடுப்பாராம். அதன் பெயர் தெரியாதாம். அப்போது இதை நாம் பெரிதாக எண்ணவில்லை. 2019-இல் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷனின் நிருபர்கள் தமிழ்நாட்டு நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த சுமார் நூறு பெண்களைக் கண்டு விசாரித்து எழுதியபோது, அவ்வளவு பேருக்கும் மாதவிடாய் வலிக்குப் பெயரிடாத மாத்திரை தரப்பட்டதென்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் உடல் அதனால் கெட்டதாகக் கூறினரென்றும் வெளிவந்தது. வலி போக்கும் மருந்து கூடாது என்பது நம் கட்சியன்று. தக்க மருந்து பெரும் உபகாரமே. ஆனால் மருந்தின் பெயரும் அளவும் தீங்கும் உண்பவளுக்குத் தெரிய வேண்டாமா? இவ்வலிக்கு நம் நாட்டில் மிகுதியாக வழங்கும் மெபனாமிக் ஆசிட் சிலருக்கு அபாயகரமான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-இல் எச்சரித்தது. பெயரில்லாத மாத்திரையை விழுங்கியவள் இந்த எச்சரிக்கையைப் பத்திரிகையில் படித்தாலும் தனக்கென்று அறிவாளா? மாத்திரை தந்தவர் அளந்தது சுற்றிய நூலின் எடையை மட்டுமே. அந்த எடை குறையாதவரையில் வலி தீர்ந்ததென்று அவர் கணக்கு.

அளவை தவறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிர மாகாணத்தின் பீட் ஜில்லா சாட்சி. கரும்பு வெட்டக் குடும்பத்தோடு செல்லும் கூலிகளுக்கு அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கத்தி' என்று கணக்கு. ஒருவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கங்காணிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிடாய் நாளில் வெட்ட முடியாதவளுக்கும் அதே அபராதம். 2019-இல் இது சட்டசபை வரை சென்று, ஸ்ரீமதி நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டது. அக்காலத்தில் நடந்த ஆய்வில் விசாரிக்கப்பட்ட 82,309 கரும்பு வெட்டும் ஸ்திரீகளில் 13,861 பேர் கருப்பையை அறுத்தெடுத்துக்கொண்டவர்களாக இருந்தனர். அத்தனையும் அபராதத்துக்கு அஞ்சியே என்று நாம் சொல்லவில்லை. தண்ணீரும் மறைவிடமும் இல்லாத முகாம்களில் வந்த வியாதிகளும், பயமுறுத்திப் பணம் பறித்த வைத்தியர்களும் அதில் சேர்ந்தனர். ஆனால் வராத நாளை மட்டும் எண்ணும் கணக்கு ஒன்று, வலி எங்கிருந்து வருகிறதோ அந்த உறுப்பையே களைந்துவிடும்படி ஏழையைத் தள்ளக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? இவ்வெண்களை நாம் முதன்முதல் படித்தபோது, எங்கோ அச்சுப் பிழை இருக்க வேண்டுமென்றே நினைத்தோம்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். 2023 டிஸம்பரில் ராஜ்ய சபையில் அப்போதைய மத்திய மந்திரி ஸ்ரீமதி ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஓர் ஊனமன்று, பெண் வாழ்வின் இயல்பான பகுதி என்ற கருத்தில் பேசினார். ஊனமன்று என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால் இயல்பாக வருவது வலிக்காது என்பதும், வலித்தால் அதைக் கணக்கிடலாகாது என்பதும் அதிலிருந்து எப்படிப் பெறப்படும்? பிரசவமும் இயல்பானதே. 1961-ஆம் ஆண்டின் பிரசவ உதவிச் சட்டத்தை அக்காரணத்தால் எவரும் எதிர்க்கவில்லை. மேலும் 'இயல்பு' என்ற இந்த ஒரு சொல்லின் நிழலில் கொடிய வியாதியொன்று ஒளிந்துகொள்கிறது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோஸிஸ் என்னும் நோய், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு உண்டென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பத்துத் தேசங்களில் 1,418 பெண்களைக்கொண்டு நடந்து 2011-இல் வெளியான ஆராய்ச்சியில், நோய் தொடங்கியதற்கும் பெயர் தெரிந்ததற்கும் நடுவே சராசரி 6.7 ஆண்டுகள் கழிந்திருந்தன. நோயுற்றவள் வாரத்துக்கு 10.8 மணி நேர வேலையை இழந்தாள். அதிலும் பெரும்பகுதி வேலையில் இருந்துகொண்டே இழந்தது. எல்லோருக்கும் வருவதுதானே என்று தாயும் மாமியும் வைத்தியரும் சொல்லக் கேட்டே அந்த ஆறு ஆண்டும் போயிருக்கும். மாதந்தோறும் வலி ஏறுகிறது என்பது ஒரு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தால் இவ்வளவு காலம் செல்லாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. 2024 ஜூலையில் ஸுப்ரீம் கோர்ட்டார் இவ்விஷயமான மனுவை விசாரிக்கையில், லீவைக் கட்டாயமாக்கினால் ஸ்திரீகளை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்க அதுவே காரணமாகிவிடக்கூடும் என்று அஞ்சி, கொள்கை வகுப்பது சர்க்காரின் பொறுப்பென்று விட்டனர். நியாயாதிபதிகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. முதலாளிமாரை நாமும் அறிவோம். ஆனால் எண்ணாமல் விட்டதனால் பெண்களுக்கு வேலை நிலைத்ததா? நம் கட்சிக்காரப் பெண்ணுக்கு லீவுச் சட்டம் எதுவும் குறுக்கே வரவில்லையே! அவளை வெளியேற்றியது அர்த்தம் தெரியாத கணக்கு. மறைவாக ஏற்கெனவே அளக்கப்பட்டு அவளுக்கு விரோதமாகப் பயன்பட்ட அந்தக் கணக்கு வெளிப்படையாக அளக்கப்பட்டிருந்தால், அவளுக்குச் சாட்சியாகியிருக்கும்.

வெறும் லீவு மட்டும் போதாது என்பதற்கு ஜப்பானைக் காண்க. 1947-ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்திலேயே அந்நாடு மாதவிடாய் லீவை எழுதிவைத்தது. 1965-இல் உரிமையுள்ள பெண்களில் நூற்றுக்கு 26 பேர் அதை எடுத்தனர். 2014-இல் எடுத்தவர் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஜப்பானியப் பெண்களின் வலி அதற்குள் தீர்ந்துவிட்டதென்று யாரும் சொல்லார். ஆடவரான மேலதிகாரியிடம் போய்க் காரணம் சொல்லி லீவு கேட்க நாணினர் என்றே சொல்லப்படுகிறது. நம் நாட்டில் பீஹார் சர்க்கார் 1992 முதலே தம் ஸ்திரீ உத்தியோகஸ்தர்களுக்கு மாதம் இரண்டு நாள் அளித்து வந்திருக்கின்றனர். அதனால் எவ்வளவு வலி குறைந்தது, யார் எடுத்தார், யார் எடுக்கத் துணியவில்லை என்று முறையாக எண்ணியிருந்தால் கர்நாடகத்தார்க்கும் ஸுப்ரீம் கோர்ட்டார்க்கும் இன்று முப்பதாண்டு அனுபவம் கையிலிருக்கும். 1912-இலேயே கொச்சி ராஜ்யத்தின் திருப்பூணித்துறைப் பெண் பள்ளியில் பரீட்சைக் காலத்தில் இந்த லீவை அனுமதித்தார்களாம். அனுமதித்த அந்தத் தலைமையாசிரியர் இன்றைய மந்திரிகள் பலரைவிட விவேகி.

ஆலையும் ஆபீஸும் ஒருபுறம் இருக்கட்டும். வீட்டில் ஆஜர்ப் பட்டியலும் இல்லை, லீவும் இல்லை. மத்திய சர்க்காரின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 6 வயதுக்கு மேற்பட்டவர்களில் சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் செலவிட்டது 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். மாவாட்டுவதும் துணி துவைப்பதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் மாதத்தின் முதல் நாளென்றும் இருபதாம் நாளென்றும் பார்ப்பதில்லை. முன்னே தூரமென்று ஒதுக்கிவைத்த காலத்தில், அவமானத்தோடாவது மூன்று நாள் அடுப்படி இல்லாதிருந்தது. அவமானத்தை ஒழித்தது நல்லதே. கூடவே ஓய்வும் ஒழிந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

நாம் வேண்டுவது பெரிய செலவுள்ள காரியமன்று. மேற்சொன்ன நேர ஆய்வில் ஒரு நாளின் 24 மணியையும் அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று எழுதுகிறார்கள். அதே படிவத்தில், மாதவிடாய் நாளா, வலி இருந்ததா, அதனால் விட்ட வேலை எது, வலியோடு செய்த வேலை எது என்று நான்கு வினாக்கள் சேர்க்கலாம். தேசிய குடும்ப நல ஆய்வு இளம் பெண்களிடம் துணியா பஞ்சா என்று கேட்டு அட்டவணை போடுகிறது. துடைப்பதைக் கேட்டவர்கள் துடிப்பதையும் கேட்கலாமே. கேட்பவர் பெண்ணாக இருத்தல் அவசியம். சென்ற மாதத்தை நினைவுகூரச் சொல்வதைவிட அன்றன்று குறித்து வைப்பதே சரியான கணக்கைத் தரும். ஆதலின், எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு மாத அட்டையும் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. இவ்வட்டை முதலாளியின் கையில் போகலாகாது. பெயருடன் கூடிய கணக்கு பெண்ணிடமும் அவள் வைத்தியரிடமும் மட்டுமே இருக்க வேண்டும். பெயர் நீக்கிய மொத்த எண் மட்டும் சர்க்காருக்கும் சங்கத்துக்கும் போகலாம். நிலையாணையில் வேலை மந்தம் என்ற குற்றத்தைச் சாட்டும் நிர்வாகம், சாட்டும் முன்பு, குறைந்த நாட்கள் மாதச் சுழற்சியில் வருகின்றனவா என்று பார்த்தாக வேண்டுமென விதி செய்தல் வேண்டும். இன்ஷூரன்ஸ் விதியில் அந்த முதல் இரண்டு நாள் தடை இவ்வலிக்குப் பொருந்தாதென்று ஒரு வரி சேர்த்தல் வேண்டும். ஒரு வரிதான்.

இதையெல்லாம் சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. இப்பத்திரிகையைப் படிக்கும் தொழிற் சங்கக் காரியதரிசிகள் பலரை நாம் அறிவோம். போனஸையும் பஞ்சப்படியையும் பைசாவுக்குப் பைசா கணக்கிட வல்லவர்கள் அவர்கள். அடுத்த தடவை ஆலை நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது, உற்பத்திப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கட்டும். வாங்கிச் சங்கத்திலுள்ள பெண் அங்கத்தினர்களிடம் கொடுக்கட்டும். சிவப்பு வட்டங்களை எப்படிப் படிப்பதென்று அவர்களுக்குத் தெரியும்.